இக்ரி எழுதுறேன்

நம்ம ஸ்கூல் பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதுன்னு செயலாளர் மாசக்கணக்கா நச்சரிச்சுட்டு இருந்தாரு, டைமே இல்லப்பான்னு தட்டிக் கழிச்சிட்டிருந்தேன், இங்கிலீஷ் சார் போயிட்டாருன்னு குரூப்ல மெசேஜ் வந்தப்புறம் அப்படி சொல்ல வாய் வரல. உங்கள்ல பாதி பேருக்கு என் நிஜப் பேரு ஞாபகம் இருக்காது, இக்ரின்னாதான் தெரியும். பேரு வச்சது பசங்க, காரணம் சார்.

ஒன்பதாவது காம்போசிஷன் நோட்டு. மெரினா பத்தி பக்கம் பக்கமா எழுதியிருந்தேன். கீழ சிவப்பு இங்க்ல மார்க் இல்ல, ஒரே ஒரு வார்த்தை, 'இக்ரீஜஸ்' (egregious). அப்பாகிட்ட கையெழுத்து வேற வாங்கணும். அவருக்கு அது எக்ஸலன்ட்டுக்கும் மேல ஏதோன்னு தோணிடுச்சு, எங்களுது திருவல்லிக்கேணில ஸ்டோர் வீடு, நோட்டை எடுத்துட்டு எல்லா போர்ஷன் வாசலுக்கும் போயிட்டாரு. கடைசி போர்ஷன் மாமா ஏஜி ஆபீஸ்ல ரிட்டயர் ஆனவரு, ஆடிட் கண்ணு. படிச்சுட்டு, "சார், இது பாராட்டு இல்லியே, படு மோசம்னு போட்டிருக்காரு"ன்னாரு மெதுவா. மெதுவா சொன்னா மட்டும் விழாமயா போகும், அவர் பையன் நம்ம கிளாஸ்தான். மறுநாள் பிரேயர் முடியறதுக்குள்ள நான் இக்ரி ஆயிட்டேன்.

ஸ்டாஃப் ரூம் வாசல்ல போய் நின்னேன். சார் நிமிந்துகூட பாக்கல. "லத்தீன்ல கிரெக்ஸ்னா மந்தைடா. காங்ரிகேஷன், செக்ரிகேட், கிரிகேரியஸ் எல்லாத்துலயும் அதே மந்தைதான் மேயுது. இக்ரீஜஸ்னா மந்தையை விட்டு தனியா நிக்கறது. 1590ல அச்சான நாடகத்துல மார்லோ வைஸ்ராய்களை புகழறதுக்கே இதைத்தான் போட்டிருக்கான். அப்புறம் கிண்டலா சொல்லிச் சொல்லி திட்டாவே ஆயிடுச்சு. உனக்கு எது வேணுமோ எடுத்துக்கோ, போ."

ஆறுதலா சொன்னாரா இன்னொரு குத்து குத்தினாரான்னு இன்னிக்கு வரைக்கும் புரியல. அந்த ரோஷத்துல மூர் மார்க்கெட்ல, 1985ல எரியறதுக்கு முன்னாடிதான், பேரம் பேசி ஒரு பழைய டிக்ஷனரி வாங்கினேன், அந்த இங்கிலீஷ்தான் லண்டன் வரைக்கும் தள்ளிட்டு வந்துச்சு. இங்க ரிப்போர்ட் திருத்தறதுதான் வேலை. சின்னப் பசங்க ஸ்பெல்லிங் மிஸ்டேக்குக்கெல்லாம் இக்ரீஜஸ் போடறாங்க, அந்த வார்த்தையை அடிச்சுடுவேன். சும்மா தப்புக்கு இது கிடையாதுப்பா, ஊரே பாத்து 'இப்படியுமா செய்வாங்க'ன்னு கேக்கற தப்புக்குத்தான், எரர், பிரீச், வயலேஷன்னு கனமான வார்த்தைங்க பக்கத்துலதான் பொருந்தும்.

ஒரு தடவை மிலான்லேர்ந்து லெட்டர், 'எக்ரேஜோ'ன்னு ஆரம்பிச்சு என் பேரு. தூக்கிவாரிப் போட்டுச்சு. விசாரிச்சா, இத்தாலிக்காரங்க மரியாதையா எழுதற லெட்டர் இன்னிக்கும் அப்படி ஆரம்பிக்கறது உண்டாம், அங்க அந்த வார்த்தை கெட்டுப் போகவே இல்ல. இத சார்கிட்ட சொல்லணும், போன்ல வேணாம், நேர்லதான் நல்லாருக்கும்னு வருஷா வருஷம் தள்ளிட்டேன். லீவுன்னா என்ன, ரெண்டு கல்யாணம், ஒரு பேங்க் வேலை, தி.நகர், பிளைட். மந்தையை விட்டு வந்தவனுக்கு ஊர்ல அவ்ளோதான் டைம்.

சொல்லியிருந்தா மட்டும் என்ன, சார் பாஷை தெரியுதோ இல்லியோ, முதல்ல என் இத்தாலியன் உச்சரிப்பைத்தான் திருத்தியிருப்பாரு.