டைகர் 131-ஐப் பார்க்கப் போனோம்

லண்டன் வாட்டர்லூவில் வேமௌத் ரயிலைப் பிடித்தால் இரண்டரை மணி நேரம் போல ஆகும், வூல் என்ற சின்ன ஸ்டேஷன் வர. டார்செட் கவுண்டியின் தெற்கு ஓரம். ஸ்டேஷனிலிருந்து மூன்று கிலோமீட்டர் தூரத்தில் போவிங்டன் ராணுவ முகாம், அதை ஒட்டியே டாங்கி அருங்காட்சியகம். முதல் உலகப் போர்க் காலத்திலிருந்தே பிரிட்டிஷ் டாங்கிப் படை பயிற்சி எடுக்கும் ஊர் இது. டாங்கிகள் சாலையைக் கடக்கும் என்று எச்சரிக்கும் பலகைகளைச் சாதாரணமாகப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் புதர்க்காடு. வசந்தத்தில் போனதால் கோர்ஸ் புதர்கள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தன.

போனது நான் மட்டும் அல்ல, எங்கள் மாடல் கிளப்பிலிருந்து ஒரு சிறு கூட்டம். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர்தான் எங்களுக்கு மூத்தவர். மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் நர்ஸ் ஒருவர், இங்கிலாந்தில் குடியேறிய ஜெர்மன்காரர் ஒருவர், கல்லூரி மாணவன் ஒருவன். எல்லோரும் 1/35 அளவில், அதாவது அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்காக, பிளாஸ்டிக் டாங்கி செய்பவர்கள். அந்த வருடம் எல்லோருமே ஒரே வண்டியைச் செய்வது என்று பேசி வைத்திருந்தோம். இரண்டாம் உலகப் போரில் துனிசியாவில் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டு, போவிங்டனில் இன்றும் ஓடுகிற ஜெர்மன் டாங்கி, டைகர் 131. பெட்டியைத் திறந்து பாகங்களை வெட்ட ஆரம்பிக்கும் முன் அசல் வண்டியைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று மூத்தவர் பிடிவாதமாக இருந்தார்.

1/35 என்பது வினோதமான அளவு. பொறியாளர்கள் 1/32, 1/48 என்று இஞ்சுக் கணக்கில் எளிதாக வகுபடும் அளவுகளைத்தான் விரும்புவார்கள். 1961 வாக்கில் ஜப்பானின் தமியா நிறுவனம் மோட்டார் வைத்து ஓடும், பேந்தர் என்ற ஜெர்மன் டாங்கியின் மாடல் ஒன்றைக் கொண்டுவந்தது. பேட்டரியும் மோட்டாரும் உள்ளே அடங்க எவ்வளவு பெரிய உடம்பு தேவையோ அந்த அளவில் செய்தார்கள், அது ஏறக்குறைய 1/35 என்று வந்தது. அது நன்றாக விற்றது. மற்ற கம்பெனிகளும் அதே அளவைப் பிடித்துக்கொண்டன. இன்று உலகம் முழுவதும் டாங்கி மாடல் என்றால் பெரும்பாலும் 1/35தான். இந்த அளவில் டைகரின் உடம்பு, பீரங்கிக் குழாயைச் சேர்க்காமல், 18 சென்டிமீட்டர். உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கலாம்.

அசலை உள்ளங்கையில் வைத்துப் பார்க்க முடியாது. 57 டன். கூடத்துக்குள் நுழைந்து எதிரே நின்றபோது முதலில் கண்ணில் பட்டது அதன் அகலம். படங்கள் அதைக் காட்டுவதில்லை. மூன்றே முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. போர்க்களத்துக்கான சங்கிலிப் பட்டை மட்டும் 725 மில்லிமீட்டர், என் தோளைவிட அகலம். அந்த அகலத்தோடு ரயிலில் ஏற்ற முடியாது என்பதால் 520 மில்லிமீட்டரில் இன்னொரு செட் பட்டை இருந்தது. ஏற்றும்போது வெளிவரிசைச் சக்கரங்களைக் கழற்றி, குறுகிய பட்டையை மாட்டி, இறக்கிய பிறகு மறுபடி எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ரயில்வேக்காரரான எங்கள் மூத்தவர் இந்த இடத்தில் வெகுநேரம் நின்றார். ஒரு டாங்கியை ரயிலில் ஏற்றி இறக்க எத்தனை பேர், எத்தனை மணி நேரம் உழைத்திருப்பார்கள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

சக்கரங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பக்கமும் எட்டு அச்சு, அச்சுக்கு மூன்று சக்கரம். விரித்த சீட்டுக்கட்டு மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். எடையை மண்ணில் சமமாகப் பரப்புவதற்காக அப்படி அமைத்தார்கள். வண்டி மென்மையாக ஓடியது உண்மை. ஆனால் உள்ளே இருக்கும் ஒரு சக்கரம் கெட்டுப்போனால் வெளியே உள்ள பல சக்கரங்களைக் கழற்றியாக வேண்டும். ரஷ்யப் பனிக்காலத்தில் நடுவே புகுந்த சேறு இரவில் உறைந்து, காலையில் வண்டி நகரவே நகராது. மாடலில் இந்த உள் சக்கரங்கள் எங்களுக்குள் தீராத வழக்கு. ஒட்டி முடித்த பிறகு அவை கண்ணுக்கே தெரியாது, எதற்குப் பெயின்ட் அடித்து நேரத்தை வீணாக்க வேண்டும் என்பது மாணவனின் கட்சி. நர்ஸ் அம்மா ஒவ்வொன்றுக்கும் பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, ரப்பர் விளிம்புக்குத் தனி நிறம் கொடுத்து, தூசி வரைக்கும் போட்டுத்தான் மாட்டுவார். போவிங்டனில் கைவிளக்கை அடித்து இடுக்குகளுக்குள் பார்த்தோம். உள்ளே நிறைய தெரிந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, மாணவனைப் பார்த்துச் சிரித்தார்.

சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தோம். பாகங்களாகப் பெட்டியில் வரும் மாடல் கிட்டில் இருக்கிற தகடு கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும். நிஜத் தகட்டில் உருட்டாலை விட்ட மேடுபள்ளம் உண்டு. ஓரங்களில் நெருப்பால் வெட்டிய வரிகள் அப்படியே நிற்கின்றன. முன்தகடு 100 மில்லிமீட்டர், பக்கத் தகடு 80. அவை ஒன்றுக்குள் ஒன்று பல்லாகக் கோத்து நிற்கும் மூலையில் வெல்டிங் அலை அலையாக மடிந்திருக்கிறது. இதை 1/35-இல் கொண்டுவர எங்களிடம் ஒரு பழைய வழி உண்டு. பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை மெழுகுவர்த்திச் சூட்டில் இளக்கி இழுத்தால் மெல்லிய நூலாகும். அதை மூட்டில் படுக்க வைத்து, பசையால் ஊறவைத்து, கத்தி முனையால் சின்னச் சின்ன வெட்டுப் போட்டால் வெல்டிங் வந்துவிடும். பொறுமை மட்டும்தான் செலவு.

நான் முக்கியமாகப் பார்க்க நினைத்தது தழும்புகளை. 1943 ஏப்ரலில், துனிசியாவில், சர்ச்சில் என்ற பிரிட்டிஷ் டாங்கிகளின் ஆறு பவுண்டர் பீரங்கிக் குண்டுகள் இந்த வண்டியைத் தாக்கின. ஒரு குண்டு பீரங்கிக் குழாயின் அடியில் உரசிக் கீழே தெறித்து, பீரங்கியைத் தாங்கி மேலே சுழலும் டரெட்டுக்கும் உடம்புக்கும் நடுவே புகுந்தது. டரெட் திரும்ப முடியாமல் இறுகிவிட்டது. இன்னொன்று டரெட்டைத் தூக்குவதற்கான கொக்கி முளையில் பட்டது. மூன்றாவது, குண்டு நிரப்புபவரின் மூடியில். கவசம் துளைபடவில்லை, ஆனால் வண்டி சண்டை போட முடியாத நிலைக்கு வந்துவிட்டது. உள்ளே இருந்தவர்கள் காயம்பட்டவர்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார்கள். ஏறக்குறைய முழு வண்டியாக நேசநாடுகளின் கையில் கிடைத்த டைகர் அது. துனிஸில் ஆறாம் ஜார்ஜ் மன்னரும் பிரதமர் சர்ச்சிலும் வந்து பார்த்தார்கள். அந்த அக்டோபரில் கப்பலில் இங்கிலாந்து வந்தது. பிரித்து ஆராய்ந்த பிறகு, 1951-இல் இந்த அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள்.

குழாயின் கீழே குனிந்து பார்த்தால் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. பெயின்ட் அடித்திருக்கிறார்கள், நிரப்பவில்லை. அந்தக் குண்டின் விட்டம் 57 மில்லிமீட்டர். 1/35-இல் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். வட்ட அரத்தின் நுனியால் ஒரே இழுப்பில் வந்துவிடும் அளவு. ஆனால் ஓர் உலோகத்தை இன்னொரு உலோகம் வேகமாகத் தள்ளிக்கொண்டு போகும்போது ஓரத்தில் உதடு மாதிரி ஒரு பிதுக்கம் எழும். அதை அரத்தால் கொண்டுவர முடியாது, சூடான ஊசி வேண்டும். என் மாடலை இந்தத் தழும்புகளோடுதான் செய்வேன் என்று அங்கேயே முடிவு செய்தேன். பளபளப்பான, தோற்காத டைகர்கள் மாடல் மேசைகளில் ஏராளம். எனக்கு அவை பொய் மாதிரி இருக்கின்றன.

ஜெர்மன் டாங்கி செய்கிறவர்களிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: நாஜிகளின் ஆயுதத்தை ஏன் இவ்வளவு ஆசையாகச் செய்கிறீர்கள்? நியாயமான கேள்வி. இயந்திரமாக அவை வகைவகையானவை, கிட்டுகள் நிறையக் கிடைக்கின்றன, மறைந்து நிற்பதற்கான மூன்று வண்ணப் பூச்சு கைக்குச் சவால். இவை எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பதில் போதாது. டைகர்களைக் கட்டியது காசெல் நகரத்தில் இருந்த ஹென்ஷல் தொழிற்சாலை. கட்டாய உழைப்புக்கு இழுத்து வரப்பட்ட மக்களும் அங்கே வேலை வாங்கப்பட்டார்கள். 1943 அக்டோபரில் ஒரே இரவு விமானத் தாக்குதலில் அந்த நகரத்தில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். இவற்றை விட்டுவிட்டு வெல்டிங் அலையை மட்டும் துல்லியமாகச் செய்தால் அது துல்லியமே இல்லை என்பது என் எண்ணம்.

எங்கள் ஜெர்மன் நண்பர் இதில் என்னைவிடக் கறார். அவர் நாட்டில் ஸ்வஸ்திகாவைப் பொதுவில் காட்டுவது சட்டப்படி குற்றம். வரலாறு, கல்வி, கலைக்கு மட்டும் விதிவிலக்கு. கடையில் விற்கிற கிட் பெட்டிகளில் அதை மறைத்தோ எடுத்தோதான் வைப்பார்கள். நாஜிகளின் எஸ்எஸ் படைப் பிரிவின் அடையாளம் போட்ட வண்டியை அவர் தொடவே மாட்டார். எங்கள் கிளப்பில் மாடலுக்குப் பக்கத்தில் ஒரு அட்டை வைக்கும் வழக்கம் வந்ததும் அவரால்தான். வண்டி எங்கே செய்தது, யார் ஓட்டினார்கள், யாரைச் சுட்டார்கள், கடைசியில் என்ன ஆனது என்று அட்டையில் இருக்க வேண்டும். பெயின்ட் நம்பர் அதற்குப் பிறகுதான்.

பிற்பகலில் வெளி மைதானத்தில் 131 ஓடியது. வருடத்தில் மிகச் சில நாட்கள் மட்டும் ஓட்டுவதால் கூட்டம் நெருக்கியது. புனரமைப்பு வேலை 1990-இல் தொடங்கிப் பல வருடம் நடந்ததாம். மேபாக் எஞ்சின் உறுமத் தொடங்கியதும் பேச்சு அடங்கிவிட்டது. நான் எதிர்பார்த்ததைவிட மெல்லத் திரும்பியது, எதிர்பார்த்ததைவிட நிதானமாக. மண் அதிர்வது பாதத்தில் தெரிந்தது. இதுவே எதிரே வருகிறது, கையில் ஒரு துப்பாக்கி மட்டும் இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தேன். அந்த நினைப்பை உதறக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மூத்தவர் அங்கே ஒரு கணக்குச் சொன்னார், இதற்காகவே இவ்வளவு தூரம் வந்திருக்கலாம். மாடலை நாம் கண்ணிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளிப் பார்க்கிறோம். அதை 35-ஆல் பெருக்கினால் பத்தரை மீட்டர். ஆகவே அசல் வண்டியைப் பத்து மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் என்ன தெரிகிறதோ அதுதான் மாடலில் தெரிய வேண்டும். வேலிக்குப் பின்னால் ஏறக்குறைய அந்தத் தூரத்தில்தான் நின்றோம். கீறல்கள் தெரியவில்லை. நாங்கள் ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றிப் போடும் பெயின்ட் உதிர்வு எதுவும் தெரியவில்லை. தெரிந்தவை மூன்று: சக்கரத்தில் ஏறிய வெளிறிய தூசி, பட்டை மண்ணை உரசும் இடத்தில் உலோகத்தின் மினுக்கம், எஞ்சின் மேல்தகட்டில் படிந்த எண்ணெய்க் கருமை. நிறமும் கிட்டே பார்த்ததைவிட வெளிறித் தெரிந்தது. மாணவன் கைப்பேசியில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான். சிப்பிங் என்று நாங்கள் சொல்லும் அந்தப் பெயின்ட் உதிர்வு இல்லாமல் ஒரு டாங்கியா என்று அவனுக்கு மனசே இல்லை.

மற்ற கூடங்களைப் பற்றிச் சுருக்கமாக. பேந்தர் ஒன்று நிற்கிறது. போர் முடிந்த பிறகு ஜெர்மன் தொழிற்சாலையில் மிச்சமிருந்த பாகங்களை வைத்து பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர்கள் மேற்பார்வையில் கட்டி முடித்தது. டைகருக்குப் பின் வந்த டைகர் II இரண்டு வகை டரெட்டிலும் உண்டு. முன்புறம் வளைந்ததை ‘போர்ஷே டரெட்’ என்று கிட் பெட்டிகளில் போடுவார்கள், உண்மையில் இரண்டையும் வடிவமைத்தது க்ரப் நிறுவனம். டாங்கிகளை வேட்டையாடக் கட்டிய ஜாக்ட்டைகர் வண்டியின் கீழ்ப் பக்கத்தில் ஜிம்மரிட் பூச்சு இன்னும் ஒட்டியிருக்கிறது. காந்தக் கண்ணிவெடி ஒட்டாமல் இருக்க வரிவரியாகப் பூசிய பசை அது. நாங்கள் பட்டி பூசி, அது காய்வதற்குள் சிறு பல் உள்ள தகட்டால் இழுத்து அந்த வரிகளைக் கொண்டுவருவோம். அசலில் வரிகள் ஒழுங்கே இல்லை. அவசரத்தில் பூசிய கை நன்றாகத் தெரிகிறது. அதன் பிறகு சர்ச்சில் டாங்கியிடம் போனோம். அதன் முன்னால் கூட்டமே இல்லை. எனக்கு அது வருத்தமாக இருந்தது.

மறுநாள் காலை டைன்ஹாம் போனோம். கடலோரமாக லல்வொர்த் பீரங்கிப் பயிற்சி நிலத்துக்கு நடுவே இருக்கும் கிராமம். 1943 டிசம்பரில், டாங்கிப் பயிற்சிக்கு இடம் வேண்டும் என்று அரசு ஊரையே காலி செய்யச் சொன்னது. சுமார் 225 பேர் கிளம்பினார்கள். தேவாலயத்தையும் வீடுகளையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒருநாள் திரும்புவோம் என்று கதவில் எழுதி ஒட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் திரும்பிக் குடியேற ராணுவம் விடவில்லை. இப்போது சுவர்கள் மட்டும் நிற்கின்றன. பள்ளிக்கூடத்தையும் தேவாலயத்தையும் பராமரித்து வைத்திருக்கிறார்கள். சுடுபயிற்சி இல்லாத நாட்களில்தான் உள்ளே விடுவார்கள், வார இறுதிகளில் பெரும்பாலும் திறந்திருக்கும். போவிங்டன் போகிறவர்கள் அரை நாள் ஒதுக்கி இங்கேயும் போய்விட்டு வாருங்கள்.

திரும்பும் ரயிலில் திட்டம் மாறியது. எல்லோரும் 131 செய்வதாக இருந்தது போய், நான் மட்டும் அதைச் செய்கிறேன், கைவிடப்பட்ட நாளின் நிலையில், மூடிகள் திறந்தபடி. மூத்தவர் ஆறு பவுண்டர் சர்ச்சிலை எடுத்துக்கொண்டார். நர்ஸ் அம்மா ரயில் பெட்டியில் குறுகிய பட்டையோடு நிற்கும் ஒரு டைகர். ஜெர்மன் நண்பர் பிரிட்டிஷ்காரர்கள் முடித்த அந்தப் பேந்தர். மாணவன் சிப்பிங் இல்லாமல் ஒரு டாங்கி செய்து பார்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறான். நவம்பரில் டெல்ஃபோர்டில் நடக்கும் பெரிய மாடல் கண்காட்சியில் நான்கையும் அவன் டாங்கியோடு சேர்த்து ஒரே மேசையில் வைக்க ஆசை. என்னுடையதில் டரெட் ஒட்டியாகிவிட்டது, தழும்புகள் போட்டாகிவிட்டது. அட்டையில்தான் இடம் போதவில்லை. காசெல், துனிசியா, போவிங்டன் எல்லாவற்றையும் எழுதப் பார்த்தேன், எழுத்து எறும்பு அளவுக்குப் போய்விட்டது. நண்பரிடம் கேட்டேன், இரண்டாவது அட்டை வை என்றார். சரி, வைக்கிறேன்.