பேத்தி வந்த நாட்கள்

மார்ச் 4, 2025, செவ்வாய்

அதிகாலை 3.40க்குப் பேத்தி பிறந்தாள். 2.9 கிலோ. மாப்பிள்ளை கதவைத் திறந்து, "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க அத்தை" என்றார். அந்த "ரெண்டு பேரும்" காதில் விழத்தான் ராத்திரி முழுக்க அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே போனபோது குழந்தை என் மகளின் நெஞ்சின் மேல், தோலோடு தோலாகக் கிடந்தாள். பிறந்த உடனே இப்படிப் போட்டால் குழந்தையின் உடம்புச் சூடும் மூச்சும் சீக்கிரம் நிலைக்கு வருமாம். என் மகள் பிறந்தபோது அவளைத் துடைத்து, சுற்றி, வெகுநேரம் கழித்துத்தான் என் கையில் கொடுத்தார்கள்.

தோளில் பூனைமுடி. கழுத்து மடிப்பில் வெண்ணெய் தடவியது போல வெள்ளைப் பூச்சு. ஒரு காது மடல் இன்னும் விரியாமல் மடங்கியே இருந்தது. உச்சந்தலை கொஞ்சம் கூம்பியிருந்தது. வரும் வழியில் மண்டையோட்டு எலும்புகள் நெருங்கி இடம்கொடுத்ததால் வந்தது, சில நாளில் சரியாகிவிடும். அவள் உள்ளங்கையில் என் விரலை வைத்தேன், பிடித்துக்கொண்டாள். பிறந்த குழந்தை கையில் எது பட்டாலும் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் விரலை எடுக்க மனம் வரவில்லை.

மார்ச் 5

இரண்டு பேரும் தூங்குகிறார்கள். பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

எப்போதோ படித்த ஒன்று இன்று திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. ஒரு பெண்ணின் கருமுட்டைகள் எல்லாம் அவள் பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன. என் மகள் என் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருந்தபோதே, பின்னால் இந்தக் குழந்தையாக ஆகப்போகும் முட்டை அவளுக்குள் இருந்திருக்கிறது. அப்படியானால் இவளையும் கொஞ்ச காலம் நான் சுமந்திருக்கிறேன். எனக்கே தெரியாமல், மாடிப்படி ஏறி இறங்கி, வேலைக்குப் போய் வந்து.

மார்ச் 7

எடை 2.7 ஆகிவிட்டது. முகமும் நெஞ்சும் மஞ்சள். மகள் அழுதாள். "எனக்குப் பால் பத்தலைம்மா. என்னாலதான்."

அவளால் இல்லை. பிறந்த குழந்தை முதல் சில நாளில் எடை குறைவது வழக்கம், ஏழு சதவீதம் வரை யாரும் பதற மாட்டார்கள். முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி சீம்பாலே போதும். இதையெல்லாம் டாக்டரும் சொன்னார், நானும் சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை. அப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டு அவளுக்குத் தலை வாரிவிட்டேன். மூன்று நாளாக யாரும் தொடாத தலை. சிக்கெடுக்க அரை மணி நேரம் ஆனது. பாதியிலேயே என் மேல் சாய்ந்து தூங்கிப்போனாள்.

மார்ச் 8

குழந்தையை நீல வெளிச்சத்துக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். கண்ணுக்குத் துணிக்கட்டு. தோலில் படும் அந்த வெளிச்சம், மஞ்சள் நிறம் தரும் பிலிருபினை உடம்பு எளிதாக வெளியேற்றக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறது. இதற்கு வழி காட்டியவர் ஒரு செவிலியர். 1950களில் இங்கிலாந்தில் ஜீன் வார்ட் என்பவர் குறைமாதக் குழந்தைகளை வெயிலுக்குத் தூக்கிப்போவார். துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாக இருப்பதை, மற்ற இடத்தில் மஞ்சள் வெளுத்திருப்பதைக் கவனித்து டாக்டர்களிடம் காட்டினார். குழந்தைகளை உற்றுப் பார்த்த ஒரு பெண்ணின் கண். இன்று முழுக்க அவரை நன்றியோடு நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 9

மஞ்சள் இறங்கியது. நாளை வீட்டுக்கு.

மார்ச் 11

நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு விடாமல் அழுதாள். மகள் தூக்கி, ஆட்டி, பால் கொடுத்து, மறுபடி ஆட்டிப் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "கொடு இங்க" என்று வாங்கித் தோளில் போட்டேன். இரண்டு நிமிஷத்தில் தூங்கிவிட்டாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மகளின் முகத்தைப் பார்க்கும் வரை. "உங்கிட்டதான் நிக்கிறா" என்றாள்.

காலையில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்: "உன் மேல பால் வாசம் அடிக்குது கண்ணு. உங்கிட்ட வந்தா தேடுறா. என் தோள்ல தேட ஒண்ணும் இல்ல, அதான் தூங்குறா." இன்னொன்றும் சொன்னேன். இப்போது அவளுக்கு ஒரு சாண் தூரத்துக்கு மேல் எதுவும் தெளிவாகத் தெரியாது. பால் குடிக்கும்போது மகளின் முகம் இருப்பது அந்தத் தூரத்தில்தான். மகள் ஒன்றும் பேசாமல் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராத்திரி நான் பறித்தது தப்பு. இனி அவளாகக் கொடுத்தால்தான் வாங்குவேன். துணி துவைக்கலாம், சமைக்கலாம், வருகிறவர்களை வாசலிலேயே பேசி அனுப்பலாம். எனக்கு வேலையா இல்லை?

மார்ச் 13

குப்புறப் போட்டால் நன்றாகத் தூங்குவாளே என்றேன். மகளை அப்படித்தான் வளர்த்தேன். மாப்பிள்ளை பொறுமையாக, "மல்லாக்கத்தான் படுக்க வைக்கணும் அத்தை" என்றார். 1990களில் பல நாடுகளில் அப்படிப் படுக்க வைக்கச் சொல்லிப் பிரசாரம் செய்த பிறகு, தூக்கத்திலேயே குழந்தைகள் இறப்பது பாதிக்கும் மேல் குறைந்த இடங்கள் உண்டாம். சரி என்றேன். என் மகள் குப்புறத் தூங்கிய அத்தனை ராத்திரிகளையும் நினைத்து வயிறு கலங்கியது.

மார்ச் 15

தொப்புள்கொடி விழுந்தது. உடை மாற்றும்போது மகள்தான் பார்த்தாள். காய்ந்து, கறுத்து, சுருங்கி, மிளகைவிடச் சற்றுப் பெரிதாக. ஒன்பது மாதம் சோறும் மூச்சும் போன வழி. மகள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "முடிஞ்சிதாம்மா?" என்றாள். அவள் கையை மூடிப் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 18

எடை 2.95. மகள் இன்று இரண்டு தடவை சாப்பாடு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஏப்ரல் 17

ஆறு வாரத் தடுப்பூசி. ஊசி போட்டதும் ஒரு நொடி சத்தமே இல்லை. வாய் மட்டும் திறந்திருந்தது, அப்புறம்தான் அழுகை வந்தது. இத்தனை நாளும் வறண்ட அழுகைதான். பிறந்த குழந்தைகளுக்குக் கண்ணீர் வழிய சில வாரமாகும். இன்று இடது கண்ணின் ஓரத்தில் ஒரு துளி திரண்டு, காதுப் பக்கம் இறங்கியது.

என் இரண்டு கையும் தானாக நீண்டன. மடக்கிக்கொண்டேன். மகள் குழந்தையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்து, "அம்மா இருக்கேன், அம்மா இருக்கேன்" என்றாள். நான் என் மகளுக்குச் சொல்லும் அதே குரல். அழுகை மெல்ல அடங்கியது.

துடைக்கத் துணி கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.