வயதா, பழுதா: ஒரு பழைய பரோலோவை எடைபோடுவது

பழைய பரோலோ ஒயின் பாட்டில் ஒன்றைத் திறந்ததும் வரும் முதல் வாசனையை நம்பக் கூடாது. இத்தாலிய ஒயின்களோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் இதைச் சொல்வார்கள். வேலை நெருக்கடியில் முதலில் மறந்துபோவதும் இதுதான். இருபது முப்பது வருஷம் அடைபட்டுக் கிடந்த ஒயின், நெடுநாள் பூட்டிய வீட்டைத் திறந்ததுபோல முதல் பத்து நிமிஷம் முடை வீசும். அது வெறும் அடைப்பா, உண்மையான பழுதா என்று பிரிப்பது இந்த வேலையில் பாதி. வயதால் வந்த மாற்றத்தைக் கெட்டுப்போனதாக எண்ணி ஏமாறாமல் இருப்பது மீதிப் பாதி.

பரோலோ வடமேற்கு இத்தாலியில் பியமோந்தே பகுதியின் லாங்கே குன்றுகளில், 11 ஊர்களின் எல்லைக்குள் விளையும் நெபியோலோ திராட்சையில் மட்டுமே செய்யப்படுவது. இத்தாலிய ஒயின் தரவரிசையின் உச்சியான டி.ஓ.சி.ஜி. தகுதி 1980இல் கிடைத்தது. அறுவடை ஆண்டின் நவம்பர் 1 தொடங்கி குறைந்தது 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரத்தில். ரிசெர்வா என்று எழுதியிருந்தால் 62 மாதம். இது சந்தைக்கு வரும்வரைக்கும் உள்ள கணக்கு. அதற்குப் பிறகு பாட்டிலுக்குள் நடப்பதை எந்தச் சட்டமும் கட்டுப்படுத்தாது. ஒரே பெட்டியில், ஒரே நிலவறையில் கிடந்த இரண்டு பாட்டில்கள்கூட இருபது வருஷத்தில் இரண்டு விதமாக ஆகிவிடும். தக்கைதான் காரணம்: ஒவ்வொன்றும் உள்ளே விடும் காற்றின் அளவு வேறு.

அதனால் மதிப்பீடு பாட்டிலின் வெளிப்புறத்திலிருந்தே தொடங்குகிறது. முதலில் ஒயினின் மட்டம். இருபத்தைந்து முப்பது வயது ஒயினில் தக்கையின் அடியிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் கவலையில்லை. ஏழு சென்டிமீட்டரைத் தாண்டினால் உள்ளே காற்று வேலை செய்திருக்கும் என்று எதிர்பார்த்தே திறக்க வேண்டும். கழுத்தில் பிசுபிசுப்பாக வழிந்த தடம் இருந்தாலோ, தக்கை பாட்டில் வாய்க்கு மேல் லேசாகத் தூக்கியிருந்தாலோ அது எங்கோ சூடு கண்ட பாட்டில். கோடையில் சரக்குப் பெட்டகத்தில் கிடந்த ஒரு வாரம் போதும். மூடியுறைக்குக் கீழே கறுப்பாகப் பூசணம் பிடித்திருந்தால் மட்டும் பதற வேண்டாம். நிலவறையில் ஈரப்பதம் நன்றாக இருந்ததற்கு அது சாட்சி. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும்.

நெபியோலோவின் வண்டல் மாவுபோல மெல்லியது, கசப்பானது. பிரான்சின் போர்தோ ஒயினின் வண்டலைப்போலக் கனத்துச் சட்டென்று அடியில் உட்காராது. ஒரு நாள் நிமிர்த்தி வைத்தால் போதும் என்கிற பொது விதி இங்கே செல்லாது. மூன்று நாள் வேண்டும், முடிந்தால் ஒரு வாரம். வெகுதூரம் பயணம் செய்து வந்த பாட்டிலுக்கு இரண்டு வார ஓய்வு. இதைச் செய்யாமல் கலங்கலாக ஊற்றிவிட்டு, “துவர்ப்பு கரடுமுரடு, முடிவில் கசப்பு” என்று எழுதப்படும் குறிப்புகள் ஏராளம். அவர்கள் எழுதியது வண்டலைப் பற்றி.

அடுத்து தக்கை. பழைய தக்கையின் மேற்புறம் உலர்ந்து நொறுங்கும், அடிப்புறம் ஊறிக் குழைந்திருக்கும். சாதாரணத் திருகாணியைச் செலுத்தினால் நடுவில் குடைந்துகொண்டு தூளை மட்டும் வெளியே கொண்டுவரும். இதற்கு இரட்டைத் தகடு உள்ள ஆ-ஸோதான் சரியான கருவி. நீளமான தகட்டை முதலில் தக்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவே நுழைத்து, பிறகு மற்றதை நுழைத்து, இடமும் வலமும் மெல்ல அசைத்தபடியே கீழே இறக்க வேண்டும். கைப்பிடி தக்கையைத் தொட்டதும் நேராக இழுக்காமல், திருகிக்கொண்டே மேலே எடுக்க வேண்டும். இதில் ஓர் ஆபத்து: தக்கை ஏற்கெனவே தளர்ந்திருந்தால் தகடு இறங்கும்போது அதுவும் கூடவே உள்ளே போய்விடும். விரலால் லேசாக அழுத்திப் பார்த்து, தக்கை அசைந்தால் முதலில் நீளமான திருகாணியை நடுவில் இறக்கிப் பிடிமானம் ஏற்படுத்திக்கொண்டு, அதன் பிறகே தகடுகளை இறக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தே செய்த டுராண்ட் என்ற கருவி உண்டு. விலை அதிகம், ஆனால் பழைய பாட்டில்களோடு பழகும் இடத்தில் அது ஆடம்பரமில்லை. இத்தனைக்கும் பிறகு தக்கை உடைந்து உள்ளே விழுந்தால் எவர்சில்வர் வடிகட்டியில் வடிக்கலாம், வெந்நீரில் அலசிய மெல்லிய துணியும் ஆகும். காபி வடிக்கும் காகிதம் மட்டும் வேண்டாம். அதன் அட்டைவாசம் ஒயினில் ஏறும். பிறகு தக்கைப் பழுது என்று அந்த நல்ல ஒயினுக்கே தீர்ப்பு எழுதிவிடுவோம்.

எடுத்த தக்கையை முகர்ந்து பார்த்துப் பெரிதாக ஒன்றும் தெரியாது. பக்கவாட்டைப் பார்க்க வேண்டும். ஒயினின் கறை அடியிலிருந்து மேல்வரை கோடு போட்டிருந்தால் கசிவு நடந்திருக்கிறது.

டிகாண்டர் என்ற அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றுவதா வேண்டாமா என்பது பழைய ஒயின்களைப் பற்றிய ஓயாத சண்டை. முதிர்ந்த பர்கண்டி, அதாவது பிரான்சின் இன்னொரு புகழ்பெற்ற ஒயின், காற்றுப்பட்டால் ஒரு மணி நேரத்தில் ஒடுங்கிவிடலாம். நெபியோலோ அப்படியல்ல, அதன் துவர்ப்பும் புளிப்பும் காற்றைத் தாங்கும். லாங்கேக்காரர்கள் பலர் காலையில் தக்கையை எடுத்து, 30 மில்லி ஊற்றிச் சுவைத்துவிட்டு, பாட்டிலை அப்படியே நிலவறைக் குளிர்ச்சியில் நாலு முதல் எட்டு மணி நேரம் திறந்து வைப்பார்கள். இந்த முறையே எங்களுக்கு உடன்பாடு. மாலையில் வண்டலை மட்டும் பிரிக்க ஊற்றினால் போதும். கழுத்துக்குக் கீழே மெழுகுவத்தியோ சிறு விளக்கோ வைத்து, ஒரே சாய்ப்பில், நடுவே நிமிர்த்தாமல் ஊற்ற வேண்டும். நிமிர்த்தினால் வண்டல் மறுபடி எழும்பும். முக்கால் பாட்டில் வரை ஒன்றும் தெரியாது. பிறகு விளக்கொளியில் புகை இழைபோல ஒன்று தோளிலிருந்து கழுத்தை நோக்கி நகரும். அங்கே கை நிற்க வேண்டும். அடியில் 40 முதல் 60 மில்லி மிச்சமாகும். அதற்காக மனசு அடித்துக்கொண்டால் கிளாஸ் அத்தனையும் கெடும்.

கிளாஸ் பற்றி ஒரு வார்த்தை. அட்டைப்பெட்டியில் கவிழ்த்து வைத்திருந்த கிளாஸில் அட்டை வாசம் இருக்கும், மர அலமாரியிலிருந்து எடுத்ததில் வார்னிஷ் வாசம். இத்தாலிய சொமெலியர்கள் (ஒயின் பரிமாறும் வல்லுநர்கள்) அவ்வினாரே என்று ஒன்று செய்வார்கள்: சிறிது ஒயினை ஊற்றிக் கிளாஸ் முழுக்கச் சுழற்றிக் கொட்டிவிட்டு, அப்புறமே பரிமாறுவது. பார்க்கச் சடங்குபோலத் தெரியும். வேலை அதில்தான் இருக்கிறது. சுவைக்கும் அளவு 50 மில்லி. வெப்பம் 16 முதல் 18 டிகிரி. 20ஐத் தாண்டினால் 14 சதவீத ஆல்கஹால் முன்னால் வந்து நிற்கும், 14க்குக் கீழே போனால் துவர்ப்பு முரட்டுத்தனமாகிவிடும்.

நிறத்தில் ஏமாறுபவர்கள் பெரும்பாலும் கேபர்னே சோவின்யோன் என்ற அடர்நிறத் திராட்சையின் ஒயினில் பழகியவர்கள். நெபியோலோ இளமையிலேயே வெளிறியது. கிளாஸுக்குப் பின்னால் வைத்த எழுத்தை அதன் வழியே படிக்கலாம். அதன் தோலில் சயனிடின், பியோனிடின் வகை நிறமிகளே மிகுதி. அவை ஆக்ஸிஜனுக்கு வேகமாக இரையாகும். எட்டுப் பத்து வயதிலேயே விளிம்பு செங்கல் நிறத்துக்குத் திரும்பிவிடும், அது மூப்பின் அடையாளமில்லை. வெள்ளைத் தாளின் மேல் கிளாஸை 45 டிகிரி சாய்த்து, விளிம்பைவிட நடுவைப் பார்க்க வேண்டும். முப்பது வயதிலும் நடுவில் மாதுளைச் சிவப்பு மிச்சமிருந்து, ஒளி பட்டால் மின்னினால் ஒயின் உயிரோடு இருக்கிறது. நடு முழுக்கக் காபி டிகாக்ஷன்போலப் பழுப்பாகி, மினுக்கமும் இல்லையென்றால் மூக்கு சொல்லப்போவதை கண் முன்கூட்டியே சொல்லிவிட்டது.

இனி மூக்கு. நெபியோலோவுக்கு உலகம் சூட்டிய அடையாளம் “தாரும் ரோஜாவும்”; தார் என்பது சாலைக்குப் போடும் தார். தமிழ் மூக்குக்கு இந்த ஒயின் ஒன்றும் அந்நியமில்லை. முதிர்ந்த பரோலோவில் வரும் ரோஜா, புதுப் பூ அல்ல. நிழலில் காய்ந்த பன்னீர் ரோஜா, சில நேரம் குல்கந்து. இத்தாலியர்கள் லிக்விரீட்ஸியா என்பது நம் நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் அதே அதிமதுரம். கூடவே காய்ந்த ஆரஞ்சுத் தோல், புகையிலை, பழைய தோல்பை, காளான், ஓரத்தில் லேசாகக் கற்பூரம். ஆல்பா நகரத்தின் இலையுதிர்காலப் புகழான வெள்ளை ட்ரஃபிள் என்ற மண்ணடிக் காளானின் வாசம் நன்கு முதிர்ந்தவற்றில் மட்டுமே வரும். இவையெல்லாம் வயது.

பழுதைப் பிரிக்கும் கருவி கடிகாரம். ஊற்றிய கணத்தில், கால் மணியில், ஒரு மணியில், மூன்று மணியில் என்று நான்கு முறை முகர்ந்து நான்கு முறை எழுத வேண்டும். முதலில் வந்த முடை நாற்றம், அழுகின முட்டை வாடை, தீக்குச்சிப் புகை எல்லாம் காற்றில்லாமல் அடைபட்டதால் வந்த கந்தகச் சேர்மங்கள். பெரும்பாலும் கால் மணி நேரத்தில் கலையும். கலையாமல் நின்றால் ஒரு கிளாஸில் சுத்தமான செம்புத் துண்டைப் போட்டுச் சுழற்றிப் பாருங்கள். வாடை தணிந்தால் கந்தகம்தான். அந்தக் கிளாஸ் சோதனைக்கு மட்டுமே, குடிப்பதற்கில்லை. தக்கைப் பழுதை உண்டாக்கும் டி.சி.ஏ. என்ற வேதிப்பொருள் இதற்கு நேரெதிர். லிட்டருக்குச் சில நானோகிராம் போதும், நனைந்த அட்டைவாசம் வரும். காற்றுப்பட்டால் குறையாது, ஏறும். அதைவிட மோசம், அளவு மிகக் குறைவாக இருக்கும்போது அட்டைவாசமே தெரியாது. பழமும் பூவும் மட்டும் காணாமல்போகும். அப்போது “ஒயின் வயதாகிச் செத்துவிட்டது” என்று எழுதிவிடுவோம். டி.சி.ஏ.யை உணரும் கூர்மை ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுவதால், சந்தேகம் வந்தால் இன்னொருவரிடம் ஒன்றும் சொல்லாமல் கிளாஸை நீட்டுவதே முறை.

பிரெட்டனோமைசஸ் ஈஸ்ட் விட்டுப்போகும் குதிரைலாய வாடையும் மருந்துப் பிளாஸ்திரி வாடையும் சர்ச்சைக்குரியவை. பழைய பெரிய பீப்பாய்களில் முதிர்ந்தவற்றில் துளி இருந்தால் தோல்வாசத்தோடு கலந்து அழகாகவே தோன்றும். மூன்று மணி நேரம் கழித்தும் ரோஜாவை மூடிக்கொண்டு அது மட்டுமே நின்றால் அது பழுது. நகச்சாயம் அழிக்கும் திரவத்தின் நெடி ஆவியாகும் அமிலத்தால் வருவது. ஐரோப்பிய விதியில் சிவப்பு ஒயினுக்குப் பொதுவான வரம்பு லிட்டருக்கு 1.2 கிராம். பழைய பரோலோவில் அதற்குக் கீழேயே மூக்கில் சற்றுத் தூக்கல் தெரியும், அது வாசனையை மேலே ஏற்றும்வரை குறையில்லை. ஆக்ஸிஜன் தின்ற ஒயின் மட்டும் எந்தச் சலுகைக்கும் உரியதல்ல: அடிபட்ட ஆப்பிள், வறுத்த முந்திரி, கருகின வெல்லப்பாகு. இது காற்றில் திறந்து வைத்தால் மீளாது.

வாயில் 10 முதல் 15 மில்லி, பத்து விநாடி. நாவின் இரு பக்கமும் எச்சில் ஊறும் வேகம் புளிப்பின் அளவு. வாயைத் துவர்க்கச் செய்யும் டானினுக்குத் தமிழில் தனிச் சொல் தேட வேண்டியதில்லை. துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக எண்ணும் நமக்கு நாவல்பழத்துக்கும் கடுக்காய்க்கும் உள்ள வித்தியாசம் சொல்லித் தர வேண்டாம். இளம் பரோலோ கடுக்காய்: ஈறு இழுத்துப் பிடிக்கும். முதிர்ந்தது நாவல்பழம்: துவர்க்கும், ஆனால் பின்னால் இனிப்பு விடும். துவர்ப்பு முழுவதும் கரைந்துபோகும் என்று காத்திருக்கக் கூடாது. நெபியோலோவில் அது கடைசிவரை இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி, அதைத் தாங்கப் பழம் மிச்சமிருக்கிறதா என்பதே. பழம் முந்திப் போய், துவர்ப்பு மட்டும் தங்கினால் ஒயின் வறண்டுவிட்டது. 1980களின் இறுதியிலும் 90களிலும் புதிய 225 லிட்டர் பிரெஞ்சு பாரிக் பீப்பாய்களில் செய்த பல பரோலோக்களில் இந்த வறட்சி இன்று தெரிகிறது; மரத்தின் துவர்ப்பு ஒயினின் பழத்தைவிட நீண்ட ஆயுள் பெற்றுவிட்டது. ஸ்லவோனிய ஓக் மரத்தில் செய்த, போத்தி எனப்படும் பெரிய பீப்பாய்களில் முதிர்ந்தவை இந்த விஷயத்தில் பிழைத்தன. பாலாடைக்கட்டியோ இறைச்சியோ சாப்பிடும் முன்னரே இதை எழுதி முடித்துவிட வேண்டும். புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொண்டு பொய்ச் சாட்சி சொல்லும்.

எந்த வயதில் எதை எதிர்பார்ப்பது என்பதற்கு ஊரும் ஆண்டும் தெரிய வேண்டும். லா மோர்ராவின் நீலம் கலந்த மார்ல் என்ற சுண்ணாம்புக் களிமண்ணில் விளைவது வாசனையால் முந்தி முதிரும். செர்ராலுங்காவின் சுண்ணமும் மணற்கல்லும் கலந்த மண்ணில் விளைவது பத்து வருஷம் கழித்தும் முகம் கொடுக்காது. வெயில் மிகுந்த 1997 சீக்கிரம் திறந்து சீக்கிரம் களைத்தது. புளிப்பும் துவர்ப்பும் ஓங்கிய 1996 நெடுநாள் வாயடைத்துக் கிடந்தது, இன்னும் அவசரமில்லை. ஆனால் ஆண்டு அட்டவணையை மட்டும் நம்பினால் 2002இல் தலைகுப்புற விழுவோம். ஆலங்கட்டி மழையால் பலர் தனித் தோட்டத்து ஒயினையே கைவிட்ட அந்த ஆண்டில்தான் ஜாகோமோ கொன்தேர்னோ என்ற தயாரிப்பாளரின் மொன்ஃபோர்தீனோ என்ற பரோலோ வெளிவந்து பேர்வாங்கியது.

கடைசியாக, கிளாஸில் ஒரு வாய் மிச்சம் வைத்து மூடாமல் இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் அதில் காய்ந்த ரோஜா இன்னும் இருந்தால், அதே பெட்டியின் மற்ற பாட்டில்களை இன்னும் ஐந்து வருஷத்துக்குத் தொட வேண்டாம் என்று குறிப்பின் கடைசி வரியில் எழுதலாம். புளிச்ச தண்ணீரும் பழுப்பும் மட்டும் மிஞ்சியிருந்தால் இந்த வருஷமே திறந்து முடிக்கச் சொல்ல வேண்டும்.