கல்லீரல் முழுக்கப் பழுப்பு: ஒரு ஸ்டெயினிங் புலம்பல்

எலிக் கல்லீரலில் எந்தச் செல் எங்கே இருக்கிறது என்று ஸ்டெயின் பண்ணிப் பார்க்க வேண்டும், வேலை அவ்வளவுதான். திசுவை மெழுகில் பதித்த பாரஃபின் பிளாக், அதில் சீவிய 5 மைக்ரான் செக்‌ஷன், ஆன்டிபாடி ஒட்ட வழிவிடும்படி சிட்ரேட்டில் கொதிக்க வைப்பது எல்லாம் ஒழுங்காகவே போனது, இரண்டு செக்‌ஷன் கழன்று மிதந்ததைத் தவிர.

முதலில் சிகே19 என்ற புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி. அந்தப் புரதம் உள்ள பித்தநாளச் செல்கள் மட்டும்தான் பழுப்பாக வர வேண்டும். எனக்கோ ஸ்லைடு முழுக்க டிகாக்‌ஷனைக் கொட்டியதுபோல் வந்தது. ஆன்டிபாடி அதிகமோ என்று 1:100-ஐ 1:400, 1:800 என்று குறைத்தேன். பித்தநாளம் வெளுத்தது, மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. பழுப்பு அந்த ஆன்டிபாடியால் இல்லை என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். திசுவிலேயே இருக்கும் பெராக்சிடேஸ் என்சைமும் பழுப்பைக் கிளப்பும் என்பதால், அதை அடக்கும் பெராக்சைடை 10 நிமிடத்திலிருந்து 20 ஆக்கினேன், பயனில்லை. "ஆன்டிபாடி போயிடுச்சுப்பா, புதுசு ஆர்டர் போடு" என்றார் சீனியர். அது வந்து சேர மூன்று வாரம். அதே டிகாக்‌ஷன்.

ஸ்லைடு மிச்சம் பிடிக்கிறேன் என்று நான் கன்ட்ரோல் (ஒவ்வொரு பொருளாக விட்டுவிட்டுப் பார்க்கும் ஒப்பீட்டு ஸ்லைடு) போடவே இல்லை, அதுதான் முட்டாள்தனம். கடைசியில் போட்டேன். பிரைமரி (சிகே19-ஐப் பிடிக்கும் ஆன்டிபாடி) இல்லாமல்: பழுப்பு. செகண்டரியும் (பிரைமரியில் ஒட்டும், பயோட்டின் பூட்டிய ஆன்டிபாடி) இல்லாமல், வெறும் ஏபிசி (அவிடின், பயோட்டின், பெராக்சிடேஸ் சேர்ந்த கூட்டு), டிஏபி (பெராக்சிடேஸ் பட்டால் பழுப்பாகும் சாயப்பொருள்): அப்போதும் பழுப்பு. டிஏபி மட்டும்: சுத்தம்! ஆக காரணம் திசுவின் பெராக்சிடேஸ் இல்லை, திசுவின் பயோட்டின் என்ற வைட்டமின். ஏபிசி முறையில் அவிடின் பயோட்டினைத்தான் தேடிப் பிடிக்கும். கல்லீரல் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் அது ஏற்கெனவே கொட்டிக் கிடக்கிறது, கொதிக்க வைத்தால் இன்னும் வெளியே தெரியும். அதே ட்ரேயில் இருந்த, அவ்வளவு பயோட்டின் இல்லாத மண்ணீரல் ஸ்லைடு பளிச்சென்று இருந்ததை நான் அதுவரை கவனிக்கக்கூட இல்லை.

பிரைமரிக்கு முன்னால் திசுவின் பயோட்டினை மூட அவிடின் 15 நிமிடம், கழுவி, அந்த அவிடினில் மிச்சமுள்ள இடத்தை நிரப்ப பயோட்டின் 15 நிமிடம் விட்டால் பெரும்பாலும் அடங்கும். கிட் வாங்கக் காசில்லை என்றால் தண்ணீரில் கலந்த முட்டை வெள்ளைக்கரு, அப்புறம் ஆடை நீக்கிய பால். சிரிக்காதீர்கள், வெள்ளைக்கருவில் அவிடினும் பாலில் பயோட்டினும் நிஜமாகவே உண்டு. ஆனால் கல்லீரல்தான் உங்கள் வேலை என்றால் பயோட்டினே இல்லாத பாலிமர் கிட்டுக்கு மாறிவிடுங்கள். நான் மாறினேன். அந்த வாரமே சிகே19 பித்தநாளத்தோடு நின்றது, அடுத்துப் பார்த்த குளுட்டமின் சிந்தடேஸ் என்ற என்சைம் மத்திய சிரையைச் சுற்றி ஒன்றிரண்டு செல் அகலத்துக்கு மோதிரம் மாதிரி வந்தது. மைக்ரோஸ்கோப்பை விட்டு எழுந்திருக்க மனசே வரவில்லை.

இதெல்லாம் பழைய ஆன்டிபாடியில், 1:400-இல். புது பாட்டில் ஃப்ரீசரில் தூங்குகிறது. அதன் பில்லைப் பற்றி கைடு இன்னும் கேட்கவில்லை.