ஏழு பேர் ஓட, எட்டாவதாக நானும்

நான் கடைசியாக மனதார ஓடியது சென்னையில், 29சி பஸ்ஸைப் பிடிக்க. அதிலும் பஸ்தான் ஜெயித்தது. அப்பேர்ப்பட்டவனை நியூ ஜெர்சியில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் ஓட்ட அணிக்கு உதவிப் பயிற்சியாளராகப் போட்டார்கள் என்றால், அதற்கு என் தகுதிகள் இரண்டு. வீட்டிலிருந்து வேலை என்பதால் மாலை மூன்று மணிக்கு மைதானத்தில் நிற்க முடியும். அப்புறம், மூன்று வரிசை இருக்கை கொண்ட டொயோட்டா சியன்னா ஒன்று வைத்திருக்கிறேன்.

பையன் பத்தாவதில் கிராஸ் கன்ட்ரி, அதாவது புல்வெளி, காடு, குன்று என்று ஓடும் நெடுந்தூர ஓட்ட அணியில் சேர்ந்தான். பெற்றோர் கூட்டத்தில் ஹெட் கோச், "உதவிக்கு யாராவது வர முடியுமா?" என்று கேட்டபோது எல்லோரும் அவரவர் செல்போனைப் பார்த்தார்கள். நான் அவர் முகத்தைப் பார்த்துத் தொலைத்தேன்.

சும்மா போய் நின்றுவிட முடியாது. முதலில் கைரேகை எடுத்தார்கள். தலையில் அடிபட்ட பையனிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று இணையத்தில் பாடம் படித்துத் தேர்வு எழுதினேன். ரப்பர் பொம்மையின் மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்கி, நின்றுபோன இதயத்துக்குச் செய்யும் முதலுதவியான சி.பி.ஆர். சான்றிதழ் வாங்கினேன். கடைசியில் பள்ளி நிர்வாகக் குழு கூடி என் பெயரை வாசித்து ஒப்புதல் கொடுத்தது.

"ஏங்க, இவ்வளவும் பண்ணினா சம்பளம் எவ்வளவு தருவாங்க?" என்றாள் மனைவி.

டி-ஷர்ட் ஒன்று தருவார்கள் என்றேன். அதையும் நான்தான் துவைக்க வேண்டும் என்று அன்றே தீர்ப்பாகிவிட்டது.

பையன் தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டான். பள்ளி வளாகத்தில் நான் அப்பா இல்லை. "கோச்" மட்டும்தான். செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, வாய் துடைத்துவிடக் கூடாது, டிபன் பாக்ஸோடு மைதானத்துக்குள் வரவே கூடாது.

இந்த விளையாட்டில் எனக்கு முதலில் பிடிபட்டது கணக்குதான். ஓர் அணிக்கு ஏழு பேர் ஓடுவார்கள். முதலாவதாக வந்தவனுக்கு ஒரு புள்ளி, இருபதாவதாக வந்தவனுக்கு இருபது. அணியில் முன்னால் வந்த ஐந்து பேரின் புள்ளிகளைக் கூட்டினால் அதுதான் அணியின் புள்ளி. குறைந்த புள்ளிக்கே வெற்றி. முதல் ஐந்து இடத்தையும் ஒரே அணி பிடித்தால் பதினைந்து. அதற்கு மேல் சாதிக்க ஒன்றுமில்லை. பதினைந்து வாங்கி வந்தால் தோலை உரிக்கும் வீட்டில் வளர்ந்தவனுக்கு இது ஜீரணமாகக் கொஞ்ச நாள் ஆனது. ஆறாவது ஆளின் புள்ளி கணக்கில் சேராது. ஆனால் இரண்டு அணிகள் சமமாக வந்துவிட்டால், யாருடைய ஆறாவது ஆள் முன்னால் வந்தானோ அந்த அணிக்கே இடம். இதைப் பின்னால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை என்று பார்த்தால், ஹெட் கோச் தத்துவம் பேசுவார், நான் வாழைப்பழம் சுமப்பேன். மலையேற்ற ஓட்டம், வேக ஓட்டம் எல்லாம் அவர் வகுப்பார். தண்ணீர் கேன், ஊக்கு டப்பா, தார்ப்பாய், தலை எண்ணுவது எல்லாம் என் இலாகா. நீண்ட ஓட்ட நாட்களில் கடைசிப் பையனுக்குப் பின்னால் சைக்கிளில் போக வேண்டும். அந்தக் கடைசிப் பையன் எப்போதும் ஒருவனேதான். ஓடிக்கொண்டே பேசுவான். மேகத்தைப் பற்றிப் பேசுவான், அணிலைப் பற்றிப் பேசுவான், நான் இந்தியாவில் யானை மேல் போயிருக்கிறேனா என்று கேட்பான்.

முன்னால் போகிறவர்கள் இன்னும் மோசம். ஒருநாள் ஆறு மைல் ஓடி முடித்ததாகத் திரும்பி வந்தார்கள். எவன் நெற்றியிலும் வியர்வையைக் காணோம். நாக்கு மட்டும் எல்லோருக்கும் நீலமாக இருந்தது. ஓடிய பாதையைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியைத் திறந்து பார்த்தால், அவர்கள் ஓடிய பாதை பள்ளியிலிருந்து ஐஸ்கிரீம் கடைக்கு நேர்கோடாகப் போய், அங்கே இருபது நிமிடம் தவம் இருந்து, அதே நேர்கோட்டில் திரும்பியிருந்தது. மறுவாரம் புத்தி வளர்ந்துவிட்டது. ஒரே ஒரு பையன் ஆறு மைலையும் ஓடினான். அவன் இரண்டு கையிலும் வரிசையாக, ஓடும் தூரத்தை அளக்கும் கார்மின் கடிகாரங்கள். மற்ற கடிகாரங்களின் சொந்தக்காரர்கள் ஐஸ்கிரீம் கடையில். ஹெட் கோச் கோபப்படுவார் என்று பார்த்தேன். "அந்த ஒருவன் நல்ல நேரத்தில் முடித்திருக்கிறான்" என்றார்.

அக்டோபரில் நியூயார்க் வான் கோர்ட்லன்ட் பூங்காவில் ஒரு பெரிய போட்டி. பிராங்க்ஸில் இருக்கிறது. பள்ளிப் பையன்களுக்கு அங்கே இரண்டரை மைல். பெரிய புல்வெளியில் கிளம்பி, மரங்களுக்கு நடுவே ஒடுங்கிய பாதையில் புகுந்து, நெடுஞ்சாலைக்கு மேலே பாலத்தைத் தாண்டிப் பின்பக்கக் குன்றுகளில் ஏறி இறங்கித் திரும்பி வர வேண்டும். பூங்காவிலேயே ஒரு குன்றின் மேல் வான் கோர்ட்லன்ட் குடும்பத்தின் கல்லறை உண்டு. 1776-இல் அமெரிக்க விடுதலைப் போர் நெருங்கி வந்தபோது, நகர எழுத்தராக இருந்த அகஸ்டஸ் வான் கோர்ட்லன்ட் நியூயார்க்கின் ஆவணங்களை அங்கேதான் ஒளித்து வைத்தாராம். அன்று மதியம் எனக்கும் அங்கே போய் ஒளிந்துகொள்ளத்தான் தோன்றியது.

எங்கள் ஆறாவது ஆள் ரப்பர் செருப்பில் வந்திருந்தான். ஓட்டத்துக்கு அரை மணி இருக்கும்போது பையைத் திறந்து ஸ்பைக்ஸை, அதாவது அடியில் முள் வைத்த ஓட்ட ஷூவை எடுத்தான். இரண்டும் இடது கால். அவனுக்கும் அவன் தம்பிக்கும் ஒரே கம்பெனி, ஒரே ஆரஞ்சு நிறம். வலது கால் இரண்டும் நியூ ஜெர்சியில் தம்பியிடம் பத்திரமாக இருந்தன. தலைக்கு மேல் வெள்ளம் போகும்போது ஹெட் கோச் எப்போதும் செய்வதைச் செய்தார். என் தோளில் கை வைத்து, "நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள்" என்றார்.

அதே அளவு பாதம் கொண்ட எங்கள் ஜூனியர் பையன் ஒருவன் அந்த நேரத்தில் முந்தைய ஓட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தான். முடிவுக் கோட்டில் போய்க் காத்திருந்தேன். வந்தான். கோட்டைத் தாண்டியதும் புல்லில் மல்லாந்தான், கண்ணை மூடினான். நான் மண்டியிட்டு அவன் வலது கால் ஷூவின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தேன். இதைப் பார்த்த மருத்துவத் தன்னார்வலர் ஒருவர் சக்கர நாற்காலியோடு ஓடி வந்தார். "மூச்சு இருக்கிறதா?" என்றார். "தெரியவில்லை, எனக்கு ஷூதான் வேண்டும்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், கைரேகையை மறுபடி எடுக்கச் சொல்வாரோ என்று பயம் வந்தது.

பையன் ஒரு கண்ணைத் திறந்தான். "கோச், நான் செத்துட்டேனா?"

"இல்லப்பா. வலது காலை மட்டும் குடு."

ஈரமும் சூடுமாக அந்தப் பச்சை ஷூவோடு புல்வெளியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடினேன். நடுவில் கனடா வாத்துகள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. விலகவில்லை. நான்தான் சுற்றிப் போனேன். ஆறாவது ஆள் காலை உள்ளே விட்டதுதான் தாமதம், துப்பாக்கி வெடித்துவிட்டது. இடது கால் ஆரஞ்சு, வலது கால் பச்சை, நாடா காற்றில் பறக்கப் பையன் ஓடுகிறான். நல்ல காலம், முன்னால் வேறொரு பள்ளிப் பையன் இடிபட்டு விழுந்தான். முதல் நூறு மீட்டருக்குள் அப்படி விழுந்தால் மறுபடி சுட்டு எல்லோரையும் திரும்ப அழைத்துவிடுவார்கள். விழுந்த பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் சந்தோஷப்பட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆள் நிதானமாக உட்கார்ந்து இரட்டை முடிச்சுப் போட்டுக்கொண்டான்.

கிளம்பும் முன் ஏழு பேரும் மேலே போட்டிருந்த வியர்வைச் சட்டை, பேன்ட் எல்லாவற்றையும் கழற்றி என்மேல் வீசுவது வழக்கம். அவற்றைப் பெரிய பையில் திணித்துத் தூக்கிக்கொண்டு முடிவுக் கோட்டுக்கு ஓடினேன். முதல் பையன் காட்டிலிருந்து வெளியே வரும்போது எனக்குத்தான் அவனைவிட அதிகமாக மூச்சு வாங்கியது.

எங்கள் ஐவரும் 12, 19, 31, 44, 58. மொத்தம் 164. நான் கூட்டி முடித்தபோது பக்கத்து அணியின் பயிற்சியாளரும் தாளில் 164 என்று எழுதிக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுக் காட்டுப் பக்கம் திரும்பினோம். ஒரு பச்சை, ஓர் ஆரஞ்சு, ஒரு பச்சை, ஓர் ஆரஞ்சு என்று எங்கள் ஆறாவது ஆள் வந்தான். அவர்களுடைய ஆள் அவன் முதுகுக்குப் பின்னால் இரண்டு எட்டுத் தூரத்தில். ஹெட் கோச் என்னைக் கட்டிப் பிடித்து அழுதார். பத்தாவது இடம் போய் ஒன்பதாவது இடம் கிடைத்துவிட்டது. ஒன்பதுக்கும் கோப்பை கிடையாது என்பதை அப்போது யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

முடிவுகளை ஒரு வேன் பக்கவாட்டில் ஒட்டியிருந்தார்கள். என் கூட்டலும் அவர்கள் கூட்டலும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்து, ஒரு படமும் எடுத்துக்கொண்டு வந்தால் மஞ்சள் பஸ்ஸைக் காணோம்.

எப்போதும் தலை எண்ணுகிறவன் நான். நான் இல்லாததால் அணித் தலைவன் எண்ணியிருக்கிறான். பையன்கள் அத்தனை பேரும் இருந்தார்கள், சரியாக எண்ணியிருக்கிறான். எண்ணுகிறவனை எண்ண வேண்டும் என்று எந்தப் பட்டியலிலும் எழுதவில்லை. ஹெட் கோச் முன் இருக்கையில், நான் பின்னால் இருப்பதாக நினைத்துக் கண்ணயர்ந்திருக்கிறார்.

பையனிடமிருந்து செய்தி வந்தது. "கோச், பின்னாடியா இருக்கீங்க? என் சார்ஜர் உங்க பையில இருக்கு, பாஸ் பண்ணுங்க."

அதற்குள் பஸ் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தில் ஏறிவிட்டது. பாலத்தில் யூ-டர்ன் கிடையாது. 242-ஆம் தெருவில் ஒன்றாம் நம்பர் ரயிலைப் பிடித்துப் பென் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து நியூ ஜெர்சி ரயில் ஏறினேன். சனிக்கிழமை மாலை, நிற்கக்கூட இடமில்லை. ஆனால் மூன்று பேர் உட்காரும் இருக்கையில் நானும் அந்தப் பையும் மட்டும்தான் மெட்ரோபார்க் வரைக்கும் வந்தோம். இரண்டு பேர் உட்கார வந்தார்கள். மூச்சை இழுத்தார்கள், போய்விட்டார்கள்.

ஸ்டேஷன் வாசலில் மனைவி சியன்னாவோடு நின்றாள். பின்கதவைத் திறக்கப் போனேன்.

"அங்க வைக்காதீங்க, கீரை வாங்கி வச்சிருக்கேன்" என்றாள். பையை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினாள்.