கேப்டன் டைகர்லேர்ந்து நூல் பிடிச்சு மாங்காவுக்கு: மூணு மாச நோட்டு

எனக்கு என்ன மாதிரி காமிக்ஸ் பிடிக்கும்னு கேட்டா இத்தனை வருஷமா "வெஸ்டர்ன்"னு (குதிரை, துப்பாக்கின்னு வர்ற கௌபாய் கதை) தான் சொல்லிட்டு இருந்தேன், லயன், முத்து தமிழ் காமிக்ஸ்ல கேப்டன் டைகர்ங்கற கௌபாய் ஹீரோ கதை படிச்சு வளர்ந்தவங்க நிறைய பேர் அப்படித்தான் சொல்வாங்க. ஆனா வெஸ்டர்ன்னு நம்பி வாங்கின வேற பல புக் பாதியிலயே நின்னுபோச்சு. சரி மாங்கா, அதாவது ஜப்பான் காமிக்ஸ் பக்கம் போவோம்னு டாப் லிஸ்ட் பாத்து ஷோனென்ங்கற வகையில மூணு சீரிஸ் வாங்கினேன், எதுவும் ரெண்டாவது வால்யூம் தாண்டல. அதான் ஜனவரியில ஒரு நோட்டு போட்டேன். மார்க் கிடையாது, ஸ்டார் கிடையாது. எந்தப் பக்கத்துல கை நின்னுச்சு, எதை திரும்பப் போய் பாத்தேன், எங்க வேகமா புரட்டினேன், இது மட்டும்தான்.

முதல்ல எடுத்தது தங்கக் கல்லறை, கேப்டன் டைகர் கதை தான். ஏற்கனவே நாலஞ்சு தடவை படிச்சது தான், ஆனா இந்த தடவை குறிச்சு வச்சத பாத்தா துப்பாக்கிச் சண்டை பக்கம் ஒண்ணு கூட அதுல இல்ல! எல்லாமே அரிசோனா பாறைங்க, வெயில், தண்ணி இல்லாம குதிரையோட நடக்கிற கட்டம், யாரும் பேசாத பேனல். நான் இவ்ளோ நாளா வெஸ்டர்ன் படிக்கல, ஓவியர் ழான் ஜிரோ வரைஞ்ச நிலத்தத் தான் பாத்துட்டு இருந்திருக்கேன்னு அன்னிக்கு தான் புரிஞ்சுது.

அதனால கதை வகைய விட்டுட்டு ஆளப் பிடிச்சேன். ஜிரோவே தான் மோபியஸ்ங்கற பேர்ல சயின்ஸ் ஃபிக்ஷன் வரைஞ்சவரு. அந்த மோபியஸ் 90கள்ல ஜப்பானுக்கு ஒரு கதை எழுதிக் குடுத்திருக்காரு, இகாரோன்னு, பறக்கத் தெரிஞ்ச பையன் கதை, வரைஞ்சது ஜிரோ டனிகுச்சி. பேர்ல கூட ஜிரோ! டனிகுச்சி யாருன்னு தேடிப் போய் தி வாக்கிங் மேன் கிடைச்சுது. ஒரு ஆளு தன் ஊர்லயே சும்மா நடக்கறாரு, மழை பெய்யுது, மரம் ஏறறாரு, நாய் கூட வருது, வசனம் ரொம்ப ரொம்ப கம்மி. அரை மணி நேரத்துல முடிச்சிடலாம், எனக்கு ஒரு வாரம் ஆச்சு. மாங்காவ ஜப்பான் முறையில வலமிருந்து இடம் படிக்கிறது பழக ஒரு 20 பக்கம் போதும், பயப்படாதீங்க.

பிப்ரவரியில இன்னொண்ணு கத்துகிட்டேன். ஷோனென், செய்னென்லாம் கதை வகை இல்ல, கதை வர்ற பத்திரிகை எந்த வயசு ஆளுங்களுக்காக வருதுங்கறது தான்: ஷோனென்னா பசங்களுக்கு, செய்னென்னா வளர்ந்த ஆம்பளைங்களுக்கு. அதனால கதை எந்தப் பத்திரிகையில வந்துச்சுன்னு பாக்க ஆரம்பிச்சேன். முஷிஷின்னு ஒரு மாங்கா பிடிச்சுது, 10 வால்யூம், காடு மலைன்னு அலையற ஒருத்தரு. அது ஆஃப்டர்நூன்ங்கற மாசப் பத்திரிகையில வந்தது. அதே பத்திரிகையில வேற என்னன்னு பாத்தா வின்லாண்ட் சாகா, வைக்கிங் காலத்துக் கதை. 2005ல வாரப் பத்திரிகையில ஆரம்பிச்சு அதே வருஷம் இங்க மாறி வந்துச்சு. சண்டை அதிகம்னு மத்தவங்க சொன்னதால தள்ளிப்போட்டு வச்சிருந்தேன். எட்டாவது வால்யூம்ல கதை பண்ணைக்குப் போகுது, அங்க ஹீரோ தார்ஃபின் அடிமையா காட்ட வெட்டி, வேரப் பிடுங்கி, நிலத்தத் திருத்தி கோதுமை விதைக்கிறான், முளை வர்றத குனிஞ்சு பாக்கறான். நிறைய பேர் அங்க தான் ஸ்லோன்னு விட்டுட்டாங்களாம். என் நோட்டுல அதிகமா எழுதினதே அந்தப் பகுதி தான்.

இப்ப நோட்டுல மேல கொட்டை எழுத்துல மூணே வரி: நிலம் தெரியணும், யாராவது கையால ஏதாவது வேலை செய்யணும், பேசாத பக்கம் வேணும். புது புக்க கடையில புரட்டும்போது முதல் பத்து பக்கத்துல இந்த மூணுல குறைஞ்சது ரெண்டு இருக்கான்னு பாக்கறேன்.

அப்படிப் பாத்து எடுத்தது தான் காவோரு மோரியோட எ ப்ரைட்ஸ் ஸ்டோரி, 19ஆம் நூற்றாண்டு மத்திய ஆசியா. ரெண்டாவது அத்தியாயத்துல ஒரு தாத்தா மரத்துல பூவேலை செதுக்கறாரு, குட்டிப் பையன் ஒருத்தன் வீட்டு வேலைய மறந்துட்டு வேடிக்கை பாக்கறான். அந்த ஒரு அத்தியாயத்துக்கு மட்டும் நோட்டுல ரெண்டு பக்கம் போயிருக்கு, முதல் வால்யூம் இன்னும் முடிக்கல.