தியேட்டர் இல்லாத கிழமைகள்

மே 22, 2024

மழையில் நனைந்துகொண்டே பிரித்தானியப் பிரதமர் சுனக் அறிவித்தார்: தேர்தல் ஜூலை 4. சத்திரசிகிச்சைத் தியேட்டரில் ஒரு அப்பெண்டிக்ஸை எடுத்துவிட்டு வந்து தேநீர் அறையில் நின்று பார்த்தேன். வீட்டுக்குப் போனதும் மனைவி, "நிக்கப் போறீங்கள் எண்டு தெரியும், சாப்பிட்டிட்டுச் சொல்லுங்கோ" என்றாள்.

மே 26

அறக்கட்டளைத் தலைவர் பதவியை விட்டேன். அறக்கட்டளை எந்த வேட்பாளருக்கும் ஆதரவு தரக்கூடாது, அது சட்டம். நியாயம்தான். சுனாமிக்குப் பிறகு என் லீவு எல்லாம் முல்லைத்தீவில்தான் கழிந்தது. வீண் சந்தேகம் வேண்டாமென்று துண்டுப்பிரசுரத்தில் அந்த வரியை நானே வெட்டினேன். மிச்சம் இருப்பது யாரோ ஒரு சுயேச்சை.

மே 29

அறக்கட்டளை அனுப்பிய தையல் நூல் பெட்டிகள் இன்னும் கொழும்பில்.

ஜூன் 6

வேட்புமனு கொடுத்தாயிற்று. 10 கையொப்பம், 500 பவுண். பெயரோடு மிஸ்டர், டொக்டர் எதுவும் சேர்க்கக்கூடாதாம். சிரிப்பு வந்தது. இங்கே சத்திரசிகிச்சைப் பரீட்சை பாஸானதும் 'டொக்டர்' போய் 'மிஸ்டர்' வரும். நாவிதர் சவரக் கத்தியோடு அறுவையும் செய்த காலத்து மிச்சம் அது. அப்பாவுக்கு எத்தனை தரம் விளக்கியும் ஏறவில்லை. மகன் ஃபெயில் என்றே நினைத்தாரோ என்னவோ, கடைசிக் கடித உறையிலும் 'டொக்டர்' என்றுதான் எழுதியிருந்தார்.

ஜூன் 14

ஒருவர் வாசலிலேயே சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினார். "உங்கள் தையலா?" இல்லை, நான் அவ்வளவு இறுக்கித் தைக்கமாட்டேன். (இதை அவரிடம் சொல்லவில்லை.) முழங்கால் சிகிச்சை எப்போது கிடைக்கும் என்று கேட்டார். இங்கிலாந்துக் காத்திருப்புப் பட்டியலில் 75 லட்சத்துக்கு மேல். உடனே நடக்காது என்றேன். கூட வந்த தம்பி காருக்குள் கத்தினான்: "அண்ணை, நோயாளிக்குச் சொல்லுற மாதிரி வாக்காளருக்குச் சொல்லலாமோ?" வேறு மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியாது.

ஜூன் 15

பெட்டிகள். ஒரு தகவலும் இல்லை.

ஜூன் 27

நித்திரை இல்லை. இருட்டில் விரல்கள் தாமாகவே போர்வை நூலில் முடிச்சுப் போடுகின்றன. தியேட்டருக்குப் போய் மூன்று கிழமை. இவ்வளவு நாள் கத்தி பிடிக்காமல் இருந்ததில்லை.

ஜூலை 4

கடவுச்சீட்டைக் காட்டி வாக்குச்சீட்டு வாங்கினேன். பெரிய எழுத்தில் முதலில் அப்பாவின் பெயர். ஒரு காற்புள்ளி. பிறகு நான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன், பின்னால் ஒருவர் செருமினார். பென்சிலை நூலில் கட்டியிருந்தார்கள், முடிச்சுச் சரியில்லை.

5 சதவீதத்துக்கு மேல் கிடைத்தால் 500 பவுண் திரும்பும். இரவு 10 மணிக்கு வாக்களிப்பு முடியும்.

திங்கள் லிஸ்ட் வந்துவிட்டது. முதலாவது குடலிறக்கம்.